கோத்தகிரி பறவை நடை: ஒலிப்பதிவு போடாமல் காத்திருக்கும் வழிகாட்டி

கடந்த பிப்ரவரியில் அக்காவும் நானும் கரூரிலிருந்து கோத்தகிரிக்குப் போய் இந்த அரைநாள் பறவை நடையில் கலந்துகொண்டோம். காலை ஆறு மணி முதல் பத்தரை வரை, ஆளுக்கு 1,500 ரூபாய். அந்த நாலரை மணி நேரத்தில் வழிகாட்டித் தம்பி பறவையை வரவழைக்க ஒரு முறைகூடக் கைப்பேசியில் அதன் குரலைப் போடவில்லை. நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பது அதற்காகத்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மலையூரில் வேறொருவருடன் போயிருந்தோம். அவர் ஓடைக்கரையில் சிறிய ஒலிபெருக்கியை வைத்துச் சோலைக்கிளி என்ற சிறு பறவையின் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார். பறவை உடனே வந்துவிட்டது. தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் புகுந்துவிட்டது என்று நம்பி, ஒலிபெருக்கியைச் சுற்றிச் சுற்றி வந்தது. இருபது நிமிடம் அது ஒரு புழுவைக்கூடக் கொத்தவில்லை. கேமராக்காரர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்று நான் எடுத்த படம் மிகத் தெளிவாக வந்தது. இன்றுவரை அதை யாருக்கும் காட்டியதில்லை.

அதனால் இந்த முறை முன்பதிவு செய்யும்போதே, “ஒலி போடுவீர்களா?” என்று கேட்டேன். “இல்லை அம்மா. வந்தால் பார்ப்போம், வராவிட்டால் திரும்பிவிடுவோம்” என்றார். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் பணம் அனுப்பினேன்.

அழைத்துச் சென்ற இடம் லாங்வுட் சோலை. ஊருக்குப் பக்கத்திலேயே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே 116 ஹெக்டேர் பரப்பில் எஞ்சி நிற்கும் காடு. 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இங்கே பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரைவிட 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலமுள்ளது, நல்லது. ஒளி அதிகமாகக் கிடைக்கும், கை நடுக்கமும் அவ்வளவாகத் தெரியாது. தம்பி இரவல் கொடுத்ததும் அதுதான். அக்காவுக்கு மூக்குக்கண்ணாடி உண்டு. பார்வைக்குழாயின் ரப்பர் வளையத்தை எப்படி இறக்கிக்கொள்வது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார்.

முதலில் கிடைத்தது கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். தலையும் இறக்கையும் கருப்பு, மற்றதெல்லாம் பழுத்த ஆரஞ்சுச் சுளையின் நிறம். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு காய்ந்த குச்சியில் உட்கார்ந்திருந்தது. பறந்து போய் ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பியது. “பறவையைத் துரத்தாதீர்கள் அம்மா, குச்சியைப் பாருங்கள்” என்றார் தம்பி. அந்த ஒரு வாக்கியத்துக்கே கட்டணம் தீர்ந்துவிட்டது என்பேன். அதற்குப் பிறகு நாங்களே இரண்டு இடங்களில் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்று பறவையைக் கண்டுபிடித்தோம்.

நீலகிரி ஈப்பிடிப்பான் மேல்கிளைகளில் இருந்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் இன்னொரு நீல ஈப்பிடிப்பானோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது. வந்தேறி மயில்துத்த நிறம். நம் ஊர்க்காரர் அவுரி நீலம். இரண்டையும் ஒரே காலையில் பார்த்ததால் வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டது.

பிறகு ஓர் ஓடையருகே ஐம்பது நிமிடம் உட்கார வைத்தார். பேச்சில்லை, அசைவில்லை. அக்கா இரண்டு முறை என்னைப் பார்த்தாள். எட்டேகாலுக்குப் பாதையோரத்துச் சருகு அசைந்தது. நீலகிரிச் சோலைக்கிளி! நீல முதுகு, செம்பழுப்பு விலா, நீண்ட கால்கள். சருகைப் புரட்டி எதையோ விழுங்கியது, வாலை ஒரு முறை ஆட்டியது, புதருக்குள் போய்விட்டது. பதினைந்து விநாடி இருக்கும். அது எங்களுக்காக வரவில்லை, தன் காலை உணவுக்காக வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பெயரில் கிளி இருந்தாலும் அது கிளியல்ல. மலையாளத்தில் சிறு பறவைகளைப் பொதுவாகக் கிளி என்பார்கள். 2017-இல் இதற்குத் தனிப் பேரினம் வகுத்தபோது ‘ஷோலிகோலா’ என்று பெயர் வைத்தார்கள், சோலையில் வாழ்வது என்ற பொருளில். நம் ‘சோலை’ அறிவியல் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இந்த இனம். தெற்கே ஆனைமலையிலும் பழனி மலையிலும் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. இதையெல்லாம் காட்டுக்குள் சொல்லாமல், வெளியே வந்து தேநீர் குடிக்கும்போதுதான் தம்பி சொன்னார். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் விடியற்காலையில் பாடும் வண்ணாத்திக்குருவியும் இதே ஈப்பிடிப்பான் குடும்பம் என்று கேட்டதும் அக்காவுக்கு நம்பவே முடியவில்லை.

குறைகளும் உண்டு. கடைசியில் கொடுத்த அச்சிட்ட பட்டியலில் அரசவால் ஈப்பிடிப்பானை இந்தக் குடும்பத்தோடு சேர்த்திருக்கிறார்கள். அது பெயரளவில் மட்டும் ஈப்பிடிப்பான், குடும்பம் வேறு. மாறாக, முன்பு பூங்குருவிகளோடு வைத்திருந்த சீகாரப் பூங்குருவி இப்போது இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. பட்டியலோ பழைய இடத்திலேயே விட்டிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் தாளைத் திருத்தி அச்சிட வேண்டும். காலைச் சிற்றுண்டி உப்புமா ஆறிப்போயிருந்தது. ஓடைக்கு இறங்கும் சரிவைப் பற்றி முன்கூட்டியே சொல்லவில்லை. முழங்கால் வலியுள்ளவர்கள் கைத்தடி கொண்டுபோங்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

காஷ்மீர் ஈப்பிடிப்பானைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. காஷ்மீரை ஒட்டிய மலைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் நீலகிரிக்கும் இலங்கை மலைநாட்டுக்கும் வரும் சிறு பறவை. நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு இதற்காகவே போகிறவர்கள் உண்டு. தோட்டத்து ஓரத்தில் அரைமணி நேரம் காத்திருந்தோம், வரவில்லை. “ஒரு தடவை மட்டும் போடுங்களேன்” என்று எங்களோடு வந்த இளைஞர் கெஞ்சினார். தம்பி சிரித்தபடி தலையை ஆட்டிவிட்டார். இதற்காக நான் நட்சத்திரம் குறைக்கவில்லை, நீங்களும் குறைக்காதீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் கூடு கட்டும் ஓடைப் பக்கம் யாரையும் அழைத்துப்போவதில்லை என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுகிறார். சோலைக்கிளிக்காக வருகிறவர்கள் அதற்கேற்பத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.