ஆக்சஸில் மாவட்டம், தாலுகா பெட்டிகளோடு ஏழு வருடம்

ஏழு வருடமாக எங்கள் உரக்கடையின் வாடிக்கையாளர் பதிவு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில்தான் ஓடுகிறது. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், பக்கத்து கோம்போ பாக்ஸில் (கிளிக் செய்தால் பட்டியல் விரியும் பெட்டி) அந்த மாவட்டத்துத் தாலுகாக்கள் மட்டும் வர வேண்டும். நான் அதிக நேரம் செலவழித்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

முதலில் மாட்டியது பிழை எண் 3075. மாவட்டம் காலியாக இருந்தால், கொயரியில் (டேபிளிலிருந்து தகவலை எடுக்கும் கட்டளை) சமக்குறிக்குப் பின்னால் எதுவுமே இருக்காது. என்இசட் (Nz) ஃபங்ஷன் போட்டுக் காலி மதிப்பை 0 ஆக்கியதும் சரியாகிவிட்டது. இன்னொரு ஃபார்மில் மாவட்டப் பெயருக்கு மேற்கோள்குறி போட மறந்திருந்தேன். ‘தஞ்சாவூர்’ என்றால் என்ன மதிப்பு என்று ஆக்சஸ் என்னிடமே கேட்டது.

இவையெல்லாம் சத்தம் போட்டு வரும் பிழைகள், பயமில்லை. சத்தமில்லாமல் வந்த ஒன்றுதான் என்னை ரொம்பப் படுத்தியது. தஞ்சாவூர், கும்பகோணம் என்று தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் மாவட்டத்தை நாகப்பட்டினமாக மாற்றினால் தாலுகா பெட்டி வெறுமையாகத் தெரியும். ஆனால் டேபிளில் கும்பகோணம் தாலுகாவுக்கான அடையாள எண் அப்படியே உட்கார்ந்திருக்கும். அப்படியே சேவ் ஆகிவிடும். இப்படிப் பல பதிவுகள் கெட்டபிறகே கண்டுபிடித்தேன். மாவட்டத்தை மாற்றியதும் ஓடும் ஆஃப்டர் அப்டேட்டில் தாலுகாவை முதலில் நல் (Null, அதாவது காலி) ஆக்கிவிட்டு, பிறகு பட்டியலைப் புதிதாக எடுக்கும் ரீகொயரி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்குப் போகும்போதும் ஓடும் ஃபார்மின் ஆன் கரண்ட்டிலும் ரீகொயரி வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பதிவுக்குப் போனாலும் பழைய மாவட்டத்தின் பட்டியலே நிற்கும்.

பல பதிவுகளை வரிவரியாக ஒன்றாகக் காட்டும் கன்டினியூவஸ் ஃபார்மில் இதுவும் போதாது. அங்கே எத்தனை வரி தெரிந்தாலும் கோம்போ பாக்ஸ் உண்மையில் ஒன்றுதான். பட்டியலைச் சுருக்கினால் வேறு மாவட்டத்து வரிகளில் தாலுகா பெயர் மறைந்துவிடும். தாலுகா டேபிளையும் ஃபார்மின் கொயரியில் சேர்த்து, பெயரைக் காட்டும் டெக்ஸ்ட் பாக்ஸ் ஒன்றை, அம்புக்குறி மட்டும் வெளியே தெரியும்படி கோம்போவின் மேல் வைத்தேன். அந்த டெக்ஸ்ட் பாக்ஸைக் கிளிக் செய்தால் ஃபோகஸ் அடியிலிருக்கும் கோம்போவுக்குப் போகும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்ட டேபிளில் புது வரி ஒன்று சேர்த்து, சீர்காழி, தரங்கம்பாடி, குத்தாலம், மயிலாடுதுறை தாலுகாக்களுக்கு அந்த எண்ணைக் கொடுத்தேன். பழைய வாடிக்கையாளர்களை மாற்ற ஓர் அப்டேட் கொயரி. பெயர்களை புரோகிராம் கோடுக்குள் எழுதி வைக்காததால் கோடில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை.