சொந்த வலைத்தளமா, பெரிய தளமா, வாட்ஸப்பா? பொம்மை உடைந்தால் யார் பொறுப்பு?

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்றை ஜெய்ப்பூருக்குக் கூரியரில் அனுப்புகிறீர்கள். போய்ச் சேரும்போது கழுத்தில் விரிசல். வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். யார் பதில் சொல்வது?

இணையத்தில் எங்கே கடை போடலாம் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். கும்பகோணத்தில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். சுவாமிமலை, நாச்சியார்கோவில், திருபுவனம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் கமிஷனையும் செலவையும் விரல் நுனியில் ஒப்பிட்டு வைத்திருப்பார்கள். பொறுப்பை மட்டும் ஒப்பிட்டிருக்க மாட்டார்கள்.

வாட்ஸப்பை முதலில் முடித்துவிடுகிறேன். "நமக்கு வெப்சைட்டே கிடையாது, சட்டம் நம்மை என்ன செய்யும்?" என்பார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மின்னணு வலையமைப்பு வழியாக வாங்குவதையும் விற்பதையும் மின்வணிகம் என்கிறது. போனில் படம் அனுப்பி, யுபிஐயில் பணம் வாங்கி, தொடர்ந்து விற்றால் அதுவும் வியாபாரம்தான். "ரெண்டு நாள்ல அனுப்பிடறேங்க" என்று நீங்கள் அனுப்பிய குரல் பதிவும் வாக்குறுதிதான். ஆனால் நிபந்தனை என்று எங்கும் எழுதி வைக்காததால், தகராறு வந்தால் இரண்டு பேரும் பழைய செய்திகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். தெரிந்த வட்டாரத்துக்குள் புடவை விற்க இது போதும், அதற்கு மேல் வேண்டாம்.

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற பெரிய தளங்களில் விற்றால் பொறுப்பு அவர்களுடையது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மைகூட இல்லை. பணம் வாங்குவது, புகாரைப் பதிவு செய்வது போன்றவற்றை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், சரி. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும் இடைநிலைத் தளத்துக்கு, அதாவது பிறர் விற்க இடம் மட்டும் கொடுக்கும் தளத்துக்கு, அவர்கள் போட்ட தகவலுக்கான பொறுப்பிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பொருளைப் பற்றி நீங்கள் எழுதிய வரிக்கு நீங்கள்தான் பதில். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், அங்கே விற்பவருக்கும் தனியே கடமை வைத்திருக்கின்றன: பொருள் குறையோடு போனாலோ, விவரித்தபடி இல்லாவிட்டாலோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது. அதற்கு மேல், திருப்பி அனுப்பும் விதியை எழுதுவது அந்தத் தளம், நீங்கள் அல்ல. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கையால் கடைந்து முடிப்பது. இரண்டு விளக்குகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. "படத்தில் இருப்பதுபோல் இல்லை" என்று திரும்பி வரும் ஒவ்வொரு விளக்குக்கும் போக்குவரத்துச் செலவு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கெட் அரிசிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு கிலோ எப்போதும் ஒரு கிலோதான். அரிசிக்காரர்களை நான் பெரிய தளத்துக்கே அனுப்புகிறேன்.

சொந்த வலைத்தளத்தில் எல்லாமே உங்கள் தலையில்தான். சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர் அலுவலர் பெயர் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறைதீர் அலுவலர் என்றதும் பயப்பட வேண்டாம், சிறு கடையில் உங்கள் மகளே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். வாங்குபவர் சம்மதம் சொல்ல டிக் போடும் பெட்டியில் நீங்களே முன்கூட்டி டிக் போட்டு வைக்கக் கூடாது.

இங்கே இரண்டு பழைய பழக்கங்கள் உதவாது. ஒன்று, கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" பலகை. உடைந்து போன பொம்மைக்கு அந்த வரி செல்லாது. இன்னொன்று, "வழக்குகள் தஞ்சாவூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை". நுகர்வோர் தான் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. ஜெய்ப்பூர்க்காரர் ஜெய்ப்பூரிலேயே போடுவார். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அவருக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது.

விதிமுறைப் பக்கத்தை வேறு தளத்திலிருந்து நகல் எடுப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஒரு பட்டுக்கடைப் பக்கத்தில் கலிஃபோர்னியா நீதிமன்றம் என்று இருந்ததை நானே படித்தேன். தளம் செய்து கொடுத்தவர் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். டொமைனையும், அதாவது தளத்தின் இணைய முகவரியையும், அவர் தன் பெயரிலேயே பதிந்திருந்தார், மீட்க ஏழு மாதம் ஆனது. டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும். தளத்தின் நிரலுக்கான பதிப்புரிமையையும் எழுத்து மூலம் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காவிட்டால் அது பொதுவாகச் செய்து கொடுத்தவரிடமே நிற்கும்.

அப்புறம், பக்கத்தில் எழுதும் வார்த்தைகள். மாப்பிள்ளைச் சம்பா அரிசி சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று எழுதாதீர்கள். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வேறு ஊர்ச் சேலைக்கு அந்தப் பெயரை வைக்க முடியாது.

வாடிக்கையாளர் முகவரிகளும் இனி உங்கள் பொறுப்பு. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. எந்தத் தகவலை எதற்காக வாங்குகிறீர்கள் என்று வாடிக்கையாளருக்குத் தரும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

இவ்வளவு சுமை இருந்தும் பொம்மைக்கும் விளக்குக்கும் சொந்தத் தளத்தைத்தான் சொல்வேன். விதியை நீங்களே, உங்கள் பொருளைத் தெரிந்து எழுதலாம். போன மாதம் ஒரு பொம்மைக்காரரோடு உட்கார்ந்து எழுதிய பக்கம் இப்படித் தொடங்குகிறது: "இது கையால் செய்தது, வண்ணம் சற்று மாறலாம். கழுத்து உடைந்து வந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். வேறு பொம்மை அனுப்புவோம், வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருவோம்."