வலது மேலறையும் இடது மேலறையும்: அறுத்துப் பார்ப்பவர்களுக்கு

மதுரையில் ஆட்டு இதயம் வாங்கிப் பழகும் மருத்துவ மாணவர்கள் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, மேல இருக்குற குழாயெல்லாம் நறுக்காம குடுங்க." குழாய்கள் போனால் எந்த அறை எது என்று பிரித்தறிவது கடினம்.

மனித இதயத்தில் வலது மேலறைக்குள் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை, கரோனரி சைனஸ் (இதயத் தசையின் இரத்தத்தைத் திரட்டி வரும் சிரை) மூன்றும் திறக்கின்றன. இடதில் பொதுவாக நான்கு நுரையீரல் சிரைகள். சுவர் வலதில் சுமார் 2 மி.மீ., இடதில் சுமார் 3 மி.மீ.

உள்ளே பார்த்தால் வலதுதான் பாடம் நிறைந்தது. பின்பகுதி வழவழப்பு; முன்பகுதியில் சீப்புப் பற்கள் போல் தசைவரிகள். இரண்டையும் பிரிக்கும் மேடு கிரிஸ்டா டெர்மினாலிஸ். வெளியே அதற்கு நேராக ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்திலேயே கத்தி வைத்தால் மேடும் கெடும், அதன் மேல்முனையருகே உள்ள எஸ்.ஏ. கணுவும் (இதயத் துடிப்பு தொடங்கும் இடம்) கெடும். பள்ளத்துக்குச் சுமார் 1 செ.மீ. முன்னால், அதற்கு இணையாகக் கீறுங்கள். பிறகு இடைச்சுவரை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மெல்லிதாகத் தெரிவது ஃபோஸா ஓவாலிஸ் (கருவில் இரு மேலறைகளையும் இணைத்த துளை மூடிய குழி). ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தத் துளை முழுதாக மூடாததால் அதன் மேல்விளிம்பில் ஊசிக்கம்பி நுழையும். கரோனரி சைனஸ் வாய், டோடாரோ நாண் (கீழ்ப்பெருஞ்சிரை வால்விலிருந்து வரும் நார்), முக்கூர் வால்வின் (வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு) இடைச்சுவர் இதழ் மூன்றும் கோக் முக்கோணத்தை அமைக்கின்றன, உச்சியில் ஏ.வி. கணு (துடிப்பைக் கீழறைகளுக்குக் கடத்தும் இடம்).

இடது மேலறை பெரும்பாலும் வழவழப்பு. தசைவரிகள் அதன் காதுமடலில் (மேலறையிலிருந்து நீளும் சிறு பை) மட்டுமே. அந்த மடல் ஒடுங்கிய கழுத்துடையது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலை) இரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய் பக்கவாதம் வரவைக்கலாம்.

ஆட்டில் இடது அசைகஸ் சிரையும் (மார்புச் சுவரின் இரத்தத்தைக் கொண்டுவரும் சிரை) கரோனரி சைனஸில் சேரும். ஆகவே அந்த வாய் பெரிதாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.