டீசல் டேங்க் மூடியில் இருந்த கோளாறுக்குப் பம்ப் வேலை பார்த்து 27,400 ரூபாய் வாங்கினார்கள்: பழைய லாரி வைத்திருப்பவர்கள் கவனம்

வாலிநோக்கம், சாயல்குடி, கீழக்கரைப் பக்கம் பழைய வண்டியில் உப்பு லோடு ஓட்டுகிற அண்ணன் தம்பிகள் எல்லாரும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். பட்டறையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர்கள் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வண்டி டாட்டா 1210, 1986 மாடல். அப்பா வாங்கியது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் லோடு கிடைக்காது. எங்களுக்கு அப்போது உப்புதான் சோறு. சரியாக அந்த நேரத்தில்தான் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது.

முதல் தடவை நின்றது பாம்பன் ரோட்டுப் பாலத்தின் மேல். கருவாட்டுக் களத்துக்கு உப்பு ஏற்றிக்கொண்டு, உச்சிப்புளியில் டேங்க் நிறைய டீசல் போட்டுவிட்டுக் கிளம்பினேன். மண்டபம் தாண்டும்போதே இழுவை குறைந்தது. பாலத்தின் ஏற்றத்தில் இரண்டு உதறு உதறி நின்றுவிட்டது. இரண்டேகால் கிலோமீட்டர் பாலம், இரண்டு பக்கமும் கடல் பார்க்க வந்தவர்களின் கார்கள், பின்னால் பஸ்காரர் ஹாரன். கைப்பம்பு அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. கால் மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆனது. அடுத்த நான்கு நாளில் மூன்று முறை இதே கதை.

பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "பம்ப் எலிமென்ட் தேஞ்சு போச்சுண்ணே, நாசிலும் போச்சு. இனி ஓட்டினா இன்ஜினே உக்காந்துரும்" என்றார். டீசல் பம்ப் கலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு), இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் ஆறு, டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப் புதுசு, ஃபில்டர். ஒன்பது நாள் வண்டி அங்கேயே நின்றது. 27,400 ரூபாய். கழற்றிய பழைய சாமானைக் கேட்டேன், "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு" என்றார்கள். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் கடைப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

அதன்பிறகு ஒரு வாரம் வண்டி நன்றாக ஓடியது. ஏன் ஓடியது என்பது பிறகுதான் புரிந்தது. கையில் காசு இல்லாததால் அந்த வாரம் முழுக்க முப்பது, நாற்பது லிட்டராகத்தான் டீசல் போட்டேன். எட்டாம் நாள் ஃபுல் டேங்க் போட்டேன். ஏர்வாடி விலக்குக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

திரும்பக் கொண்டுபோனால் "டேங்க்ல குப்பை" என்று சொல்லி 3,500 வாங்கினார்கள். அப்போதுதான் டேங்கைத் தாங்குகிற பட்டைக்குக் கீழே டீசல் கசிவதும் தெரிந்தது. அவர்கள் அதில் பட்டி (ஓட்டை அடைக்கிற பசை) தடவி, மேலே கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பெயின்ட் கொப்புளம் போல எழும்பி, அதன் ஓரமாகச் சொட்டத் தொடங்கியது. டிரைவர்கள் அவசரத்துக்கு ஒழுகுகிற இடத்தில் துணி சோப்பை அழுத்தித் தேய்த்து ஊர் வந்து சேருவார்கள். அதுவாவது வீடு வரை தாங்கும். இந்தப் பட்டி அதுகூடத் தாங்கவில்லை. ரோட்டில் சொட்டுகிற டீசலில் பின்னால் வருகிற டூவீலர் வழுக்கினால் யார் பதில் சொல்வது?

மூன்றாவது தடவை பட்டறைக்குப் போனபோது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. வண்டியில் இருந்தபடியே, டீசலை இறக்காமல், வெல்டிங் ராடை எடுத்துக்கொண்டு ஒரு பையன் கீழே படுத்துவிட்டான். பதினெட்டு வயசுகூட இருக்காது. கேட்டதற்கு முதலாளி, "டீசல்தானே, பெட்ரோலா பத்திக்கிறதுக்கு?" என்றார். பையனை வெளியே இழுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்தியத் தர நிர்ணயப்படி டீசலின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது அதன் ஆவி நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்கிற சூடு, குறைந்தபட்சம் 35 டிகிரி. நம்ம ஊர்ச் சித்திரை வெயிலே அதைத் தாண்டும். வெல்டிங் சூட்டில் டேங்க் மடிப்புக்குள் ஒட்டியிருக்கிற டீசல் ஆவியாகும். பாதி காலியான டேங்கில் அந்த ஆவியும் காற்றும் சேர்ந்தால் அது குண்டுதான்.

கடைசியில் கீழக்கரையில் ஒரு பெரியவரிடம் போனேன். போக்குவரத்துக் கழக டிப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. "தம்பி, ஃபுல் டேங்க் போடு. நிக்கிற வரைக்கும் ஓட்டு. நின்னா எதையும் தொறக்காதே" என்று சொல்லி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பதினைந்து கிலோமீட்டரில் நின்றது. இறங்கிப்போய் டேங்கைக் காட்டினார். பக்கவாட்டுத் தகடு உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே குழிந்திருந்தது. பூட்டைத் திறந்து மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது. அடுத்த நொடியே குழிந்த தகடு 'டொக்' என்று வெளியே வந்தது. கைப்பம்பு நாலு தட்டு, ஒரே செல்ஃபில் இன்ஜின் எடுத்தது.

"வண்டிக்கு மூச்சு முட்டுது தம்பி, வேற ஒண்ணுமில்ல."

இன்ஜின் டீசலை இழுக்க இழுக்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். பழைய மூடியில் அதற்கென்று ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். போன வருஷம் டீசல் திருட்டுக்குப் பயந்து பூட்டு மூடி மாட்டினேன். மாட்டிக்கொடுத்ததும் அதே பட்டறைதான். அந்த மூடியில் துளையே கிடையாது, கெட்டியான ரப்பர் வாஷர் வேறு. டேங்க் நிறைய இருக்கும்போது மேலே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான். நாலைந்து லிட்டர் செலவானதுமே உள்ளே வெற்றிடம் ஏறி, ஃபீட் பம்ப் இழுக்க முடியாமல் போகும். பாதி டேங்க் என்றால் அந்த நிலை வர ரொம்ப நேரம் ஆகும். கால் மணி நேரம் நின்றால் எங்காவது இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று புகுந்து மறுபடி ஓடும். நல்லா இருந்த பம்பைப் பிரித்துப் பார்க்க 27,400 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

ஒழுகலுக்கும் இதுவே பாதிக் காரணம் என்றார் பாய். மீதிக் காரணம் உப்பு. பலகை இடுக்கு வழியாக உப்புத்தண்ணி டேங்க் மேல் சொட்டும். பட்டைக்கு அடியில் வைக்கிற ரப்பர் அந்தத் தண்ணியைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும். பட்டையைக் கழற்றியபோது பெயின்ட் தோலோடு துருவும் பொருக்குப் பொருக்காக உரிந்து வந்தது. அடியில் மிளகளவு குழிகள். தகடு உள்ளே போய் வெளியே வந்து மடங்கியதில் அந்தக் குழிகளில் மூன்று பொத்துக்கொண்டன.

அவர் வேலை பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும், இதைத்தான் நீங்கள் உங்கள் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். டேங்கை வண்டியிலிருந்து இறக்கி வெட்டவெளிக்குக் கொண்டுபோனார். டீசலை வடித்து, சலவைச் சோடா கலந்த கொதிநீரை ஊற்றி உருட்டி உருட்டி மூன்று தடவை கழுவினார். முகர்ந்து பார்த்து வாடை இருக்கிறது என்று நாலாவது தடவையும் கழுவினார். அப்புறம் ஓட்டை மேலே வருகிற மாதிரி சாய்த்து, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பித்தளை வைத்துப் பற்றவைத்தார். ஆறிய பிறகு சோப்புத் தண்ணி தடவி, சைக்கிள் பம்பில் மெதுவாகக் காற்று கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்தால் பழைய தகடு கிழிந்துவிடும் என்றார். டேங்கின் தலையில் ஒரு சின்ன ஏர் பைப் வைத்து, கைத்தடிப் பிடி மாதிரி வாயைக் கீழ்நோக்கி வளைத்து, மெல்லிய வலை கட்டிவிட்டார். உப்புத்தண்ணி உள்ளே போகாது. கூலி 2,200.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். கழுத்து வரை நிரப்பாதே என்று. நூறு லிட்டர் டீசல் இருபது டிகிரி சூடேறினால் ஒன்றரை லிட்டருக்கு மேல் பெருகும், அதற்கு இடம் வேண்டும்.

துண்டுச்சீட்டை வைத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் நிற்குமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டேன். கஷ்டம் என்றார். அதனால் வேலை கொடுப்பதற்கு முன்னாலேயே கடைப் பெயர் போட்ட பில்லும் கழற்றிய சாமானும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஃபுல் டேங்க் போட்டால் நிற்கிறது, பாதி போட்டால் ஓடுகிறது என்றால் பம்பைத் தொட விடாதீர்கள். நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள். புஸ்ஸென்று இழுத்தால் கோளாறு மூடியில் இருக்கிறது. பூட்டு மூடி மாட்டியவர்கள் இன்றைக்கே கழற்றித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பட்டைக்கு அடியில் இருக்கிற ரப்பரையும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.