பழைய கடையில் கிடைத்த யூத சமய அறிமுகம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, பழைய புத்தகக் கடையில் 400 ரூபாய்க்கு வாங்கிய அறிமுக நூல். ஆபிரகாம், மோசே, 613 கட்டளைகள் எல்லாம் வேகமாக ஓடுகின்றன. யூதரின் வாராந்த ஓய்வுநாளான சபத் பற்றிய அத்தியாயத்தைத்தான் இரண்டு தரம் வாசித்தேன். வெள்ளிக்கிழமை பொழுதுபட முன் வீட்டுப் பெண் மெழுகுதிரி ஏற்றி, கண்களைக் கையால் மூடிச் செபிக்கிறாள். அப்புறம் சனி இரவு வரை வேலை இல்லை. அம்மம்மா வெள்ளி மாலையில் குத்துவிளக்கு ஏற்றுவது கண்முன் வந்தது.

கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை எரித்தபின் படிப்பும் செபமும் பலியின் இடத்தைப் பிடித்தன. 1981இல் எரிந்த எங்கள் நூலகத்தை நினைக்காமல் அந்தப் பக்கத்தைக் கடக்க முடியவில்லை. பழுதான தோரா என்ற வேதச் சுருளைக்கூட எறியாமல் மண்ணில் அடக்கம் செய்கிறார்கள்!

கொச்சி யூதரைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது பெரிய குறை. கட்டும் தளர்ந்திருந்தது, கடைக்கார அண்ணை பசை பூசித் தந்தார்.