துளைக் கண்ணாடிக்கு 1,280 வெள்ளி கட்டிய கதை

போன ஆண்டு கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை என்று கூப்பிட்டார்கள். மகள் அப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் பவர் 125, அதாவது -1.25. கண்ணாடி போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எப்படியாவது அதைக் கழற்றிவிட முடியாதா என்ற நப்பாசை எனக்கு. அதை அவர்கள் நன்றாகவே மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

முதலில் கண்ணாடி இல்லாமல் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். மேல் மூன்று வரியோடு நின்றுவிட்டாள். அப்புறம் லென்ஸே இல்லாத, இடியாப்ப அச்சுப் போல முழுக்கத் துளை போட்ட கறுப்புப் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார்கள். கண்ணைச் சுருக்காமல் இன்னும் மூன்று வரி மளமளவென்று படித்தாள்! "பாத்தீங்களாக்கா, நரம்பு வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு" என்றார் அங்கிருந்த பெண். கண்ணெதிரே நடந்ததை எப்படி நம்பாமல் இருப்பது? துளைக் கண்ணாடி, கண் பயிற்சி 24 வகுப்பு, ஏதோ மாத்திரை டப்பா, எல்லாம் சேர்த்து 1,280 வெள்ளி (ரிங்கிட்). கார்டைத் தேய்த்துவிட்டேன். கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவர்களுக்கான 1991ஆம் ஆண்டு ஒப்டிகல் சட்டப்படி பதிவு பெற்றவர் யாராவது அங்கே இருக்கிறாரா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஒரே நிபந்தனை: பழைய கண்ணாடியைத் தொடக்கூடாது, போட்டால் பவர் ஏறுமாம்.

ஏழு மாதம் போனது. வகுப்பில் பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆசிரியை கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் கண் டாக்டரிடம் ஓடினேன். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு அளந்தார். மருந்து விடாவிட்டால் பிள்ளைகளின் கண் தானாகக் குவிந்து, இருப்பதைவிடக் கூடுதல் பவர் காட்டிவிடுமாம். 225 வந்தது.

நான் துளைக் கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தேன். டாக்டர் தன் இழுப்பறையிலிருந்து ஒரு கறுப்புத் தகடை எடுத்துக் காட்டினார். அதிலும் அதே துளைகள்! சிறு துளை வழியாக ஒளி மெல்லியதாக நுழைவதால் மங்கல் குறையும், எடுத்தால் திரும்பிவிடும். "இதுல தெளிவா தெரிஞ்சா, கண்ணாடி போட்டா சரியாகும்னு அர்த்தம்மா" என்றார். என் மகளுக்குக் கண்ணாடி தேவை என்பதற்கான சோதனையைக் காட்டித்தான் அவளுடைய கண்ணாடியைக் கழற்ற வைத்திருக்கிறார்கள்.

கிட்டப்பார்வை பெரும்பாலும் கண் உருண்டை நீளமாக வளர்வதால் வருவது. கண்ணை உருட்டிப் பயிற்சி செய்தால் அது குட்டையாகாது. இந்த வயதில் பவர் எப்படியும் ஏறியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் "போட்டால் ஏறும்" என்பது புளுகு. மலேசியாவில் 94 பிள்ளைகளிடம் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வில், வேண்டுமென்றே பவர் குறைத்துக் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்களுக்குத்தான் அதிகமாக ஏறியது.

இப்போது முழுப் பவர் கண்ணாடி, இரவில் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாட்டு. ஏறும் வேகத்தைக் குறைக்கத்தான் இதெல்லாம், குணமாக்க அல்ல என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ரசீதில் "ஆரோக்கியப் பேக்கேஜ்" என்று போட்டிருக்கிறார்கள், கண் என்ற சொல்லே இல்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுத்திருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. போன வாரம் அந்த வழியாகப் போனேன், அதே மண்டபத்தில் மறுபடி பேனர் கட்டியிருக்கிறார்கள்.