ஈர மூலைக்கு எது பொருந்தும்: பாய்க்கோரையா, குடைக்கோரையா, வெட்டிவேரா?

தோட்டத்தில் கோரை வைக்கலாம் என்று சொன்னால், விவசாயம் பார்த்தவர்கள் ஒரு மாதிரி முறைப்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது கோரைக்கிழங்கு, அதாவது முத்தக்காசு. மேலே பிடித்து இழுத்தால் புல் மட்டும் கையோடு வரும். சரம் சரமாகக் கிடக்கும் கிழங்கெல்லாம் மண்ணிலேயே தங்கி, அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். உலகின் மிக மோசமான களைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. நாட்டு மருந்தாகும் என்பதற்காக அதைத் தொட்டியில்கூட வைக்காதீர்கள். நான் சொல்ல வருவது அதே குடும்பத்தைச் சேர்ந்த பாய்க்கோரையை.

பாத்திரம் கழுவிய தண்ணீர் வந்து விழும் இடம், துவைக்கிற கல்லடி, கிணற்றடி. எப்போதும் சொதசொதவென்று இருக்கும் இந்த மூலைகளில் செம்பருத்தி வைத்தால் வேர் அழுகிவிடும். வாழை வைக்கலாம், இடம் இருந்தால். இல்லாதவர்கள் முன்னால் மூன்று தேர்வுகள் உண்டு.

நர்சரியில் சுலபமாகக் கிடைப்பது குடைக்கோரை. ‘அம்ப்ரெல்லா பாம்’ என்று சொல்லி விற்பார்கள். பனைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கத்துச் செடி. அழகு என்று பார்த்தால் இதுதான் முதல், மறுக்க முடியாது. பெருக்குவதும் வேடிக்கையாக இருக்கும். உச்சிக் குடையை இரண்டு அங்குலக் காம்போடு வெட்டி, நீண்ட இலைகளைப் பாதியாக நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் தலைகீழாகப் போட்டு வையுங்கள். சில வாரங்களில் குடையின் நடுவிலிருந்து வெள்ளை வேரும் பச்சைக் குருத்தும் கிளம்பும். ஆனால் இப்படி லேசாகப் பெருகுவதுதான் சிக்கலும். பல நாடுகளில் தோட்டத்திலிருந்து தப்பி ஓடையோரங்களைப் பிடித்துக்கொண்ட செடி இது. உங்கள் வீட்டுக் கழிவுநீர் வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போகும் என்றால் வேண்டாம். தொட்டி காய்ந்தால் இலை நுனி பழுப்பாகிவிடுவது இன்னொரு தொல்லை.

பாய்க்கோரை நம்ம ஊர்ச் செடி. கரூர், திருச்சி, நாமக்கல் பக்கம் காவிரிப் பாசனத்தில் பயிராகவே வைக்கிறார்கள். பத்தமடையில் பாய் முடைவதும் கோரையில்தான். குடை மாதிரி விரிந்து நிற்காது. மெல்லிய பச்சைத் தண்டுகள் கம்பி கம்பியாக நெஞ்சு உயரத்துக்கு நிற்கும், உச்சியில் பழுப்புப் பூங்கொத்து. இலை என்று பார்த்தால் அடியில் கொஞ்சம்தான். ‘இதில் என்ன அழகு?’ என்று கேட்பவர்கள் காற்றடிக்கும் மாலையில் பார்த்தால் கேட்க மாட்டார்கள்.

வைப்பது எளிது. பழைய பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துக்கொள்ளுங்கள். ஓட்டையை அடியில் போடாதீர்கள். மண் மட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழே, பக்கவாட்டில் போடுங்கள். மண் எப்போதும் நனைந்திருக்கும், மேலே தண்ணீர் தேங்காது, கொசுவும் வராது. வண்டல் அல்லது களிமண்ணில் கால் பங்கு மக்கிய தொழுவுரம் போதும். தேங்காய் நார்க்கழிவு வேண்டாம், மிதந்துவிடும். வெயில் மட்டும் நன்றாக வேண்டும். நிழலில் தண்டு நோஞ்சானாகிச் சாய்ந்துவிடும். நேராகத் தரையில் நட்டால் மண்ணுக்குள் படர்ந்து பக்கத்துப் பாத்திக்குப் போகும். அதற்காகத்தான் டிரம்.

பராமரிப்பில் பலரும் தவறுவது வெட்டும் விதத்தில். பழுத்த நுனியை மட்டும் கத்தரித்தால் மிச்சத் தண்டு துளிர்க்காது, அப்படியே காயும். தண்டைத் தரையை ஒட்டி அறுத்துவிட வேண்டும், புதுக்குருத்து அடியிலிருந்துதான் வரும். கோடையில் கொஞ்ச நாள் தண்ணீர் இல்லாமல் போனாலும் மேலே காயுமே தவிர மண்ணுக்குள் இருக்கும் கட்டைத் தண்டு சட்டென்று சாகாது. தொட்டி நிறைந்துபோனால் எடுத்துப் பிரித்து, பாதியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வெட்டிவேர் கோரை இல்லை, புல். அதன் இடம் வேறு. வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராக ஆழத்துக்கு இறங்கும், அதனால் மண் சரியும் வரப்புக்கும் சரிவுக்கும் அதை மிஞ்ச ஆள் இல்லை. வறட்சியிலும் மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்கும். ஆனால் வேரை எடுக்கச் செடியையே தோண்ட வேண்டும். மணத்துக்காக வைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஆக, என் ஓட்டு ஈர மூலைக்குப் பாய்க்கோரை, காய்ந்த சரிவுக்கு வெட்டிவேர். வாசலில் ஒரு தொட்டி, தண்ணீர் வெளியே போகாது என்றால் குடைக்கோரை வைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன். எதை வைத்தாலும் பிளீச்சிங் பவுடர், ஆசிட் ஊற்றிக் கழுவிய தண்ணீரை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பாய்க்கோரை நர்சரியில் கிடைப்பது அபூர்வம். கோரை போடுகிற வயல்காரரிடம் கேட்டால் ஒரு கொத்து தருவார். வாங்கியதும் மண்ணை அலசிவிட்டுக் கீழே பாருங்கள். விரல் தடிமனில் செதில் போர்த்திய கட்டைத் தண்டு கிடைமட்டமாக ஓடினால் சரியான செடி. நூல் போன்ற வேரில் கறுப்பாக உருண்டைக் கிழங்கு ஒன்று தொங்கினாலும் முத்தக்காசு கூடவே வந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் டிரம்மில் நட வேண்டும்.